அமெரிக்கப் பினோ நுவார் வாங்கும்போது ஊர்ப் பெயரைத் தேடுங்கள்

எனக்குச் சொந்த ஊர் கம்பம் பள்ளத்தாக்கில். அப்பா இரண்டு ஏக்கரில் பன்னீர் திராட்சைப் பந்தல் போட்டிருந்தார். கவாத்து, மருந்தடிப்பு, அறுவடை நேரத்தில் மழை பெய்தால் பழம் வெடித்துவிடுமே என்ற பயம் எல்லாவற்றையும் பார்த்துத்தான் வளர்ந்தேன். ஆனால் நல்ல ஒயினை முதன்முதலாகக் குடித்தது ஓரிகன் மாநிலத்தின் ஹில்ஸ்பரோவுக்கு வேலைக்கு வந்த பிறகு. இங்கிருந்து கொஞ்ச தூரம் காரில் போனாலே திராட்சைக் குன்றுகள் வந்துவிடும். பதினான்கு வருஷமாக என் சனிக்கிழமைகள் பாதி அங்கேதான் கழிகின்றன. பினோ நுவார் என்பது ஒரு கருந்திராட்சை வகை, அதில் செய்யும் சிவப்பு ஒயினுக்கும் அதே பெயர். எந்தப் பினோ நுவார் வாங்கலாம் என்று நண்பர்கள் கேட்டால், பிராண்டைப் பார்க்காதே, லேபிளில் ஊர்ப் பெயரைப் பார் என்பேன்.

காரணம் பழத்திலேயே இருக்கிறது. பினோ நுவாருக்குத் தோல் மெல்லிசு. அதனால் நிறமும் துவர்ப்பும் குறைவு. வாசனையும் புளிப்பும்தான் இதன் பலம். வெயில் அதிகமானால் பழம் சீக்கிரம் இனித்துப்போய் ஜாம் மாதிரி ஆகிவிடும், அந்த வாசனை வராது. ஆகவே அமெரிக்காவில் இது நன்றாக விளையும் இடங்கள் பெரும்பாலும் பசிபிக் கடலின் குளிர்காற்று உள்ளே நுழைய வழி இருக்கும் இடங்கள். காற்று நுழையும் வழி மாறினால் ருசியும் மாறுகிறது.

நான் நன்கு அறிந்தது ஓரிகனின் வில்லாமெட் பள்ளத்தாக்கு. கடையில் கேட்கும்போது 'லா'வை அழுத்திச் சொல்லுங்கள், இங்கே அப்படித்தான் சொல்வார்கள். 1965இல் டேவிட் லெட் என்பவர் இங்கே பினோ நுவார் நட்டார். அவருடைய ஐரி வைன்யார்ட்ஸின் 1975ஆம் ஆண்டு ஒயின், 1979இல் பாரிஸில் நடந்த போட்டியில் பெயர்பெற்ற பிரெஞ்சு ஒயின்களோடு முன்வரிசையில் வந்தது. பிரான்ஸில் பினோ நுவாருக்குப் பேர்போன பர்கண்டிப் பகுதியின் ஒயின் தயாரிப்பாளர் ராபர்ட் துருவான் அதை நம்பாமல் மறுவருடம் இன்னொரு போட்டி வைத்தார். அதில் ஐரிக்கு இரண்டாம் இடம். அதே துருவான் குடும்பம் 1987இல் வில்லாமெட்டின் டண்டீ குன்றுகளில் நிலம் வாங்கித் தோட்டம் போட்டது. இந்தக் கதையை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது. விவசாயி ஒருவர் தன் மண்ணை நம்பினார், அந்த மண் அவரைக் கைவிடவில்லை.

டண்டீ குன்றுகளின் மண் எரிமலைப் பாறை மக்கி உண்டான செம்மண். ஜோரி என்று பெயர். மழைக்குப் பிறகு செருப்பில் ஒட்டினால் சிவகங்கைப் பக்கம் நடந்த மாதிரி இருக்கும். இங்கே வரும் ஒயினில் செர்ரி, ராஸ்பெரி வாசனை, மென்மையான துவர்ப்பு. முதன்முதலாகக் குடிப்பவருக்கு நான் கொடுப்பது இதுதான். ஐரி, துருவான் குடும்பத்தின் டொமேன் துருவான், சோக்கல் பிளாசர் ஆகிய மூன்று தயாரிப்பாளர்களுமே நல்ல தொடக்கம். சற்றுத் தெற்கே ஈயோலா-அமிட்டி குன்றுகள். வான் டூசர் கணவாய் வழியாகப் பிற்பகலில் கடல்காற்று அடிக்கும். அந்தக் காற்றுக்குப் பழத்தோல் கொஞ்சம் தடிக்கும், புளிப்பும் குறையாமல் நிற்கும். அங்குள்ள பெத்தல் ஹைட்ஸ், கிறிஸ்டம் ஆகிய தயாரிப்பாளர்களின் ஒயின்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. கிறிஸ்டமில் காம்போடு முழுக்குலையாகப் போட்டுப் புளிக்க வைக்கும் வழக்கம் உண்டு. அதனால் ஒரு மசாலா வாசனை, உலர்ந்த இலை வாசனை கிடைக்கும். யாம்ஹில்-கார்ல்டன் பக்கம் பழைய கடலடி வண்டல் மண். ஒயின் கருமையாக, கருப்புச் செர்ரி ருசியோடு இருக்கும். அங்கே கென் ரைட் என்ற தயாரிப்பாளரின் ஒற்றைத் தோட்ட ஒயின்களை, அதாவது ஒரே தோட்டத்துப் பழத்தில் செய்தவற்றை, தேடிப் பாருங்கள்.

கலிபோர்னியாவை ஒதுக்கச் சொல்லவில்லை. சோனோமாவின் ரஷ்யன் ரிவர் பள்ளத்தாக்கில் காலையில் மூடுபனி, பகலில் நல்ல வெயில். அதனால் பழம் முற்றிக் கனிந்த, கொழுத்த ஒயின். புளிப்பு ஒத்துவராதவர்களுக்கு அதுதான் சரி. சான்டா பார்பராவில் ஸ்டா. ரீட்டா ஹில்ஸ் இருக்கிறது. அங்கே மலைகள் கிழக்கு மேற்காகப் படுத்திருப்பதால் கடல்காற்று நேராக உள்ளே வரும். மென்டசீனோவின் ஆண்டர்சன் பள்ளத்தாக்கும் குளிர்ந்த இடம், ஓரிகன் ருசிக்குக் கொஞ்சம் பக்கம். குறைந்த விலையில் தொடங்க ஓ பான் கிளிமா என்ற தயாரிப்பாளரின் சான்டா பார்பரா பினோ நல்லது.

சரி, கடையில் என்ன செய்வது? பெயர் எவ்வளவு சின்ன இடத்தைக் குறிக்கிறதோ அவ்வளவு நல்லது. "கலிபோர்னியா" என்று மட்டும் இருந்தால் பழம் மாநிலத்தின் எந்த மூலையிலிருந்தும் வந்திருக்கலாம். மத்திய சட்டப்படி திராட்சை வகையின் பெயர் போட அந்த வகை 75 சதவீதம் இருந்தால் போதும். ஓரிகன் பினோ நுவாருக்கு 90 சதவீதம் வேண்டும். "எஸ்டேட் பாட்டில்ட்" என்று இருந்தால் அதற்குச் சட்ட அர்த்தம் உண்டு: பழம் முழுக்க அவர்கள் பொறுப்பிலுள்ள தோட்டத்திலிருந்து வந்தது. "ரிசர்வ்" என்பதற்கு மத்திய சட்டத்தில் அர்த்தமே கிடையாது. அந்த வார்த்தைக்காக அதிகக் காசு கொடுக்க வேண்டாம்.

லேபிளில் உள்ள அறுவடை ஆண்டையும் பாருங்கள். 2020 செப்டம்பரில் இங்கே காட்டுத்தீப் புகை நாள்கணக்கில் நின்றது. மெல்லிய தோல், புகையைப் பிடித்துக்கொண்டது. பலர் அந்த வருஷம் பினோ நுவார் போடவே இல்லை. அந்த ஆண்டு ஓரிகன் பாட்டிலை ருசி பார்க்காமல் வாங்காதீர்கள். 2021, 2022 இரண்டையும் தைரியமாக எடுக்கலாம். 2022 ஏப்ரலில் உறைபனி விழுந்து மொட்டுகள் கருகின, தோட்டக்காரர்கள் முகத்தில் நான் பார்த்த கவலை எங்கள் அப்பாவின் கவலைதான். ஆனால் கொடி மறுபடியும் தளிர்த்தது. இலையுதிர்காலம் நீண்டு கைகொடுத்தது.

விலை: இருபது டாலர் அளவில் ஏ டு இஸட், ஈராத் இரண்டின் ஓரிகன் பினோ. அன்றாடம் குடிக்க அவை போதும். முப்பதிலிருந்து நாற்பத்தைந்து வரை போனால் வில்லாமெட்டின் உண்மையான ருசி தெரியும். பணம் செலவழிக்க இதுதான் சரியான இடம். அதற்கு மேல் ஒற்றைத் தோட்டம், விசேஷ நாளுக்கு.

வாங்கி வந்த பிறகு கெடுத்துவிடாதீர்கள். ஒரு ஜூலை மாதம் வீட்டு விருந்தில் நல்ல டண்டீ பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு, காரமான சிக்கன் வறுவலோடு ஊற்றினேன். சூட்டில் ஆல்கஹால் நெடி மேலே வந்தது, மிளகாய்க் காரம் அதை இன்னும் எரிய வைத்தது. பழ வாசனை காணாமல் போனது. அந்தப் பாட்டிலுக்கு இன்றும் வருந்துகிறேன். இப்போது ஊற்றுவதற்கு அரை மணி முன்னால் ஃப்ரிட்ஜில் வைக்கிறேன். 13 முதல் 16 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும். வாய் குவிந்து வயிறு அகன்ற கிளாஸ், அதில் மூன்றில் ஒரு பங்குதான் ஊற்ற வேண்டும். சாப்பாட்டில் மிளகாயைக் குறைத்து மிளகைக் கொஞ்சம் சேர்த்தால் ஒத்துப்போகும்: காளான் மிளகு வறுவல், நெய்யில் வதக்கிய பீட்ரூட், சுட்ட கத்தரிக்காய். சால்மன் மீனை உப்பும் மிளகும் போட்டுச் சுட்டு இதோடு சாப்பிட்டால் அதற்கு ஈடு இல்லை. மீந்ததைக் கார்க் அடைத்து ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு நாளில் முடித்துவிடுங்கள்.

இன்னொன்று. டண்டீ ஒரு பாட்டில், ஈயோலா-அமிட்டி ஒரு பாட்டில், ஒரே ஆண்டு, கிட்டத்தட்ட ஒரே விலை. இரண்டையும் ஒரே மாலையில் நண்பர்களோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பாருங்கள். நான் எழுதியதெல்லாம் நாக்கில் தெரியும். நேரில் வருவதானால் செப்டம்பர் கடைசியில் வாருங்கள், அறுவடை நடக்கும். முன்பதிவு செய்யுங்கள், கார் ஓட்டக் குடிக்காத ஒருவரை அழைத்து வாருங்கள். ஐரியின் இடம் மெக்மின்வில் ஊருக்குள், முன்பு வான்கோழி பதப்படுத்திய ஒரு பழைய கட்டடம். அங்கிருந்தே தொடங்குங்கள்.