சேலத்து அடிவாரத்திலிருந்து சேர்வராயன் மலைக்கு நடந்து ஏற விரும்புவோருக்கு

சேர்வராயன் மலைமேல் உள்ள ஏற்காட்டின் உயரம் ஏறத்தாழ 1,500 மீட்டர்தான் என்று படித்துவிட்டு, ஆல்ப்ஸ் மலையிலும் ராக்கி மலையிலும் நடந்து பழகிய, வெளிநாடுவாழ் நம் பிள்ளைகள் இதை ஒரு காலைநேர உலாவாக எண்ணிவிடுகிறார்கள். நடை எங்கிருந்து தொடங்குகிறது என்பதை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. கஞ்சமலை, நகரமலை, சருகுமலை, கோதுமலை ஆகியவை சூழ்ந்த சேலம் நகரம் 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ளது. ஆகவே அடிவாரத்திலிருந்து ஏற்காட்டிற்கு ஏறுபவர் ஒரே பகலில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். மேலே காப்பித் தோட்டங்களும் சில்வர் ஓக் மரங்களும் தரும் நிழலும் குளிர்ச்சியும் கீழ்ச்சரிவில் கிடையாது. அங்கே முட்புதரும் சூடேறிய பாறையுமே உண்டு. குளிர்நாட்டிலிருந்து வருபவரைச் சோர்ந்து விழச் செய்வது இம்மலையின் உயரமன்று, அந்தக் கீழ்ச்சரிவின் வெயிலே.

எனவே வந்து இறங்கிய மறுநாளே மலைக்குப் புறப்படாதீர்கள். வெப்பத்திற்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் தேவைப்படும். அந்நாட்களில் காலையும் மாலையும் ஊருக்குள்ளேயே நடந்து பழகுங்கள்; பயணத்தின் முதல் வாரம் முழுவதையும் உறவினர் வீட்டு விருந்துகளுக்கே ஒதுக்கிவிட்டாலும் நன்மைதான். பருவத்தைப் பொறுத்தவரை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த டிசம்பர் பிற்பகுதி முதல் பிப்ரவரி தொடக்கம் வரையிலான நாட்களே சிறந்தவை. பொங்கலுக்கு வருவோருக்கு இது பொருந்தி வரும். பள்ளி விடுமுறையை ஒட்டி ஜூலை, ஆகஸ்டில் வருவோர் மழையையும் வழுக்கலையும் அட்டைக்கடியையும் எதிர்பார்த்தே வர வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் அடிவாரத்திலிருந்து ஏறவே வேண்டாம்.

அனுமதி பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பின்னர் மலையேற்றத்திற்கென்று அரசு தனி விதிகளை வகுத்தது. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது சட்டப்படி குற்றம். 'சின்ன வயதில் இந்த வழியாகத்தான் ஏறினோம்' என்று மாமாவோ சித்தப்பாவோ அழைத்தாலும் செல்லாதீர்கள். வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கப்பட்டது. அதன் இணையதளத்தில் பதிவு செய்துகொண்டால், அப்பகுதியை அறிந்த வழிகாட்டி உடன் வருவார். அடிவாரத்துக் கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து மலைமேல் உள்ள குண்டூருக்கு ஏறும் பாதையும் அத்திட்டத்தில் இடம்பெற்றுள்ளது. தீ அபாயம் கருதிப் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை பாதைகள் மூடப்படுவதுண்டு. ஆகவே விமானச்சீட்டு எடுப்பதற்கு முன்பே மலையேறும் நாளை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நேரக் கணக்கிற்கு ஒரு பழைய முறை உண்டு: சமதளத்தில் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதனுடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்திற்கும் இன்னொரு மணி நேரம். நம் வெயிலில் அந்தக் கணக்கோடு பாதியளவு கூட்டிக்கொள்வதே அறிவுடைமை. தை மாதத்தில் ஆறரை மணியளவில்தான் விடிகிறது என்பதால், வழிகாட்டி அனுமதிக்கும் மிக முந்தைய நேரத்திலேயே அடிவாரத்தில் நில்லுங்கள். ஒன்பதரை மணிக்குள் கீழ்ச்சரிவைக் கடந்துவிட்டால் பெரும்பகுதிச் சிரமம் தீர்ந்தது. ஆளுக்கு மூன்று அல்லது நான்கு லிட்டர் தண்ணீர் வேண்டும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களையோ, உப்பிட்ட எலுமிச்சைச் சாற்றையோ எடுத்துச் செல்லுங்கள். உணவுக்குப் புளிச்சோறும் கடலை மிட்டாயும் போதும், கெட்டுப்போகா. சேலத்துத் 'தட்டுவடை செட்' என்னும் சிற்றுண்டியை மட்டும் திரும்பி வந்த பின் சாப்பிடுங்கள். கட்டிக்கொண்டு போனால் நமத்துவிடும்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவரக் கூடாதவை இரண்டு. செயற்கைக்கோள் தொலைபேசிகளையும், செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கையடக்கக் கருவிகளையும் முன் அனுமதியின்றி இந்தியாவில் வைத்திருப்பது குற்றமாகும். அங்கே மலைக்குச் செல்வோர் பையில் வழக்கமாக இருக்கும் பொருள் என்பதால், அறியாமல் எடுத்துவந்து விமான நிலையத்திலேயே பிடிபட்ட பயணிகள் உண்டு. டிரோன் இறக்குமதிக்கு 2022 முதல் தடை உள்ளது.

ஏற்காட்டுத் தோட்டங்களில் காட்டெருமைகள் உலவுகின்றன. மாடுதானே என்று படமெடுக்க நெருங்கினால் அது பாய்ந்துவிடும்; அசையாமல் நின்று, அது விலகிய பின்பே நடங்கள். பாறை இடுக்குகளில் மலைத்தேனீக்கள் கூடு கட்டுவதால் வாசனைத் திரவியமும் புகையும் ஆகா. பாம்பு கடித்தால் கீறுவதோ, வாயால் உறிஞ்சுவதோ, இறுக்கிக் கட்டுவதோ கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். பாம்பின் நச்சுமுறி மருந்து சேலம் அரசு மருத்துவமனையில் இலவசமாகவே தரப்படுகிறது.

இறங்குவதைப் பற்றி என் கருத்து உறுதியானது: ஏறிய வழியே நடந்து இறங்க வேண்டாம். கனடாவிலிருந்து வந்த என் அத்தை மகன் ஏற்றத்தில் என்னை முந்திச் சென்றார். பிற்பகலில் உருளும் சரளையில் இறங்கும்போதுதான் முழங்கால் பிசகி, இருட்டும் வரை என் தோளைப் பற்றி வர நேர்ந்தது. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட மலைப்பாதையில் சேலத்திற்குப் பேருந்துகள் ஓடுகின்றன. வலு மீதமிருந்தால், 1,623 மீட்டர் உயரத்தில் உள்ள சேர்வராயன் கோயிலை வண்டியில் சென்று பாருங்கள். குகைக்குள் அமைந்த சந்நிதி அது. குனிந்துதான் நுழைய வேண்டும். பனிமூட்டம் இறங்குவதற்கு முன் பேருந்து நிலையத்திற்கு வந்துவிடுங்கள்.