கம்பஸில் படித்துக்கொண்டே மனநல உதவி எடுப்பது எப்படி

இலங்கையில் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ படிக்கிற பிள்ளைக்கு ஆலோசகர் என்று ஒருவர் இருப்பது தெரியாமல் இல்லை. அந்த அறை வாசலில் பட்ச் பிள்ளைகள் யாராவது கண்டால் இரவே ஹொஸ்டலுக்குள் கதை வரும், பிறகு அது வீட்டுக்கும் போய் "விசராம்" என்று முடியும், இந்தப் பயம்தான் போக விடாமல் தடுக்கிறது. சீனாவிலும் இதே பாடுதான். 4000 மாணவருக்கு ஒரு முழுநேர உளவள ஆலோசகராவது இருக்கவேண்டும் என்று அங்கே விதி, புதிதாக வருகிறவர்களுக்கு மனநலப் பரிசோதனையும் வைக்கிறார்கள், ஆனாலும் பொறுப்பாசிரியர் வழியாக வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்று உண்மையை எழுதாமல் விடுகிறவர்கள் உண்டு. ஆளைப் போட்டால் மட்டும் காணாது.

சரி, இரண்டு கிழமையாக நித்திரை குழம்பி, சாப்பாடு இறங்காமல், லெக்சருக்குப் போக மனமில்லாமல் கிடக்கிறீர்களா? 1926க்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், 24 மணிநேரமும் உண்டு, தமிழில் பேசவேண்டும் என்று சொல்லுங்கள். ரூமில் இருந்து வேண்டாம், வெளியே நடந்துகொண்டே பேசுங்கள்.

கம்பஸின் மாணவர் ஆலோசகர் பலசமயம் உங்களுக்குப் பாடம் எடுக்கிற லெக்சரராகவே இருப்பார். ஆகவே கதையைத் தொடங்கமுன், "நான் சொல்வது யாருக்கெல்லாம் போகும் சேர்?" என்று கேட்டுவிடுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் ஆஸ்பத்திரிதான் நல்லது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசும் இல்லை. ஒலுவிலுக்குக் கல்முனையும் அக்கரைப்பற்றும் கிட்ட, ஆனால் கிட்ட என்றால் தெரிந்த முகங்களும் கூட, அது தொல்லை என்றால் பஸ் ஏறி மட்டக்களப்புக்கே போங்கள். ஓபிடியில் துண்டு எடுக்கும்போது "நித்திரை இல்லை" என்றால் போதும், வரிசையில் நிற்கிற சனத்துக்கெல்லாம் விளக்கம் வேண்டாம். டொக்டரிடம் மட்டும் ஒளிக்காதீர்கள். எப்போது தொடங்கியது, எத்தனை மணிநேரம் நித்திரை, சாகவேணும் என்ற நினைப்பு வந்ததா, எல்லாவற்றையும் போனில் எழுதிக்கொண்டு போய் அப்படியே காட்டலாம்.

மனச்சோர்வுக்கான மருந்து வேலைசெய்ய இரண்டு முதல் நாலு கிழமை எடுக்கும். மூன்றாம் நாளே "ஒன்றும் நடக்கவில்லை" என்று வீசிவிடாதீர்கள், டொக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தவும் கூடாது. வீட்டில் நூல் கட்டவோ ஓதித் தண்ணி எடுக்கவோ கூப்பிட்டால் போய்வாருங்கள் (அம்மாவோடு சண்டை பிடிக்கிற நேரமா இது), மருந்தை விடச் சொன்னால் மட்டும் மசியாதீர்கள்.

கூட இருக்கிறவன் சாகிற கதை கதைத்தால் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. தனியே விடாமல், பூச்சிமருந்து, மாத்திரை எதுவும் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், அவசரம் என்றால் 1990 அம்புலன்ஸ் இலவசமாக வரும். பொலிஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ரூமுக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டாம், தற்கொலை முயற்சி 1998 முதல் இலங்கையில் குற்றமே இல்லை.