தோட்டத்து ஊரில் இணைய உதவி மேசை நடத்துவது எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊர்களில் கைப்பேசி இல்லாத வீடு இன்று அரிது. ஆயினும் கிராணி (தோட்ட எழுத்தர்) வீட்டில் ஆளுக்கொன்று, தொழிலாளர் வாழும் லயத்து வீட்டில் ஐவருக்கு ஒன்று என்றிருக்கும்போது, உதவித்தொகையும் பள்ளிப் பாடமும் வங்கிக் கணக்கும் இணையத்துக்குப் போனதால் பழைய ஏற்றத்தாழ்வு புது உருவில் தொடர்கிறது. கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளியிலோ வாரம் ஒரு மாலை மேசை போட்டு உதவ எண்ணுவோருக்காக இது எழுதப்படுகிறது.

முதலில் கைப்பேசியைப் பாருங்கள். மலேசியாவில் 2021 இறுதியில் 3ஜி சேவை நிறுத்தப்பட்டுவிட்டதால், 4ஜி வசதியில்லாத பழைய கைப்பேசியில் எத்தனை வெள்ளிக்கு டாப் அப் போட்டாலும் இணையத்துக்குப் பயனில்லை.

அடுத்து, எண் யார் பெயரில் உள்ளது, கைப்பேசி யார் கையில் உள்ளது என்று கேளுங்கள். சிக்கல்களில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன. குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவு எண்ணைக் கைவிட்டு, ஒரே ஒரு கைப்பேசியில் உள்ள செயலி வழியாக உறுதிசெய்யும் முறைக்கு மாறுமாறு 2022 செப்டம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா மற்ற வங்கிகளைப் பணித்தது. மோசடியைத் தடுக்க இது தேவைதான். ஆனால் செம்பனை உதிரிப்பழம் பொறுக்கும் தாயின் கணக்கு ஜொகூரில் வேலை செய்யும் மகனின் கைப்பேசியோடு இணைக்கப்பட்டிருந்தால், அவன் இரவு வேலையிலிருக்கும்போது அவரால் தம் பணத்தையே இணையத்தில் அனுப்ப இயலாது. மைகார்டு அடையாள அட்டையுடன் அவரை வங்கிக் கிளைக்கு அழைத்துச் சென்று, அவர் பெயரிலுள்ள எண்ணையும் அவருடைய கைப்பேசியையும் பதியச் செய்யுங்கள். பிரீபெய்ட் எண் காலாவதியாகுமுன் சிறு தொகையாவது போட நினைவூட்டுங்கள்; விட்டுப்போன எண் பின்னர் வேறொருவருக்குப் போகக்கூடும்.

கடவுச்சொல்லை உரியவரே தட்டட்டும், எவ்வளவு நேரமானாலும் சரி. கட்டணம் வாங்கி விண்ணப்பப் பாரம் நிரப்பும் கடைகள் சில தங்கள் மின்னஞ்சலையே கொடுத்துவிடுவதால், அடுத்த ஆண்டு புதுப்பிக்கவும் அங்கேயே போக வேண்டியிருக்கிறது. அரசு தரும் ரஹ்மா ரொக்க உதவிக்கு உள்நாட்டு வருமான வரி வாரிய அலுவலகத்தில் நேரிலும் விண்ணப்பிக்கலாம். முதியவரை இணையத்துக்கு இழுக்க வேண்டிய கட்டாயமில்லை.

ஆசிரியர்களிடமும் பேசுங்கள். நேரலை வகுப்பைவிடக் குரல்பதிவும் சிறு படமும் டேட்டாவைக் குறைவாகத் தின்னும். அப்பா வேலை முடிந்து கைப்பேசியோடு வீடு திரும்பும் வரை பாட ஒப்படைப்புக்கு அவகாசம் தருவது நியாயம்.

இரவல் கொடுக்க ஒன்றிரண்டு 4ஜி கைப்பேசிகளைப் பொதுவில் வாங்கலாம். சுங்கை சிப்புட் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தொழிலாளர்கள் தவணை கட்டிப் பங்கு சேர்த்தே தோட்டங்களை வாங்கினார்கள்; அதனோடு ஒப்பிட்டால் இது சிறு செலவு. ஆனால் பொதுக் கைப்பேசியில் வங்கிச் செயலியை ஒருபோதும் ஏற்றாதீர்கள். யாரேனும் ஏமாந்து பணத்தை இழந்தால், உடனே வங்கியையோ தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 என்ற எண்ணையோ அழைக்கச் சொல்லுங்கள்.