துணி பொம்மைக்கு ஃபெல்ட் ஷூ: காலிலேயே அளவெடுத்துத் தைப்பது எப்படி

கையால் தைத்த துணி பொம்மைக்கு, வேறொரு பொம்மைக்குப் போட்ட ஷூ பேட்டர்ன் (துணியை வெட்ட உதவும் மாதிரி வடிவம்) அநேகமாகப் பொருந்தாது. பஞ்சு அடைக்கும்போது ஒவ்வொரு காலும் ஒவ்வொரு விதமாக உப்பிவிடும். ஒரே பொம்மையின் இடது காலும் வலது காலும்கூட அச்சு அசலாக இருப்பதில்லை. அதனால் பேட்டர்னைப் பொம்மையின் காலிலேயே எடுத்துவிடுவோம். முக்கால்வாசி வேலை அதில்தான் இருக்கிறது.

துணிக்கு, தொட்டால் மெத்தென்றிருக்கும் ஃபெல்ட் (நெய்யாமல், இழைகளை அழுத்திச் செய்த துணி) வாங்குங்கள். வெட்டின ஓரம் பிசிறாது, மடித்துத் தைக்கும் தொல்லை இல்லை. அட்டை மாதிரி விறைத்திருக்கும் ஃபெல்ட்டும் கடைகளில் இருக்கும். அது விரல்முனை வளைவில் அடங்கவே அடங்காது, வேண்டாம். இத்துடன் எம்பிராய்டரி நூல், ஊசி, குண்டூசி, கூர்மையான சின்னக் கத்தரிக்கோல், மாஸ்கிங் டேப், மெல்லிய பாலித்தீன் கவர், ஒரு துண்டு அட்டை.

முதலில் அடிப்பாகம். பாதத்தைத் தாளில் அழுத்தாமல் நிற்க வைத்து, பென்சிலை நேராகப் பிடித்துச் சுற்றிலும் கோடு போடுங்கள். கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. விட்டு வெட்டுங்கள். பாதம் 5.4 செ.மீ. நீளம், 2.4 செ.மீ. அகலம் என்றால் அடிப்பாகம் 6 செ.மீ.க்கு 3 செ.மீ. வரும், அதன் சுற்றளவு ஏறக்குறைய 14.5 செ.மீ. உங்கள் அடிப்பாகத்தின் சுற்றளவை ஒரு நூலை ஓரமாகப் படியவைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அடுத்து மேல்பாகம். பாதத்தில் பாலித்தீன் கவரை இறுக்கமாகச் சுற்றி, அதன் மேல் மாஸ்கிங் டேப்பைச் சின்னச் சின்னத் துண்டுகளாக ஒட்டி மூடுங்கள். பேனாவால் மூன்று கோடுகள்: பாதத்தின் அடி விளிம்பு, கால் நுழையும் வாய், குதிகாலின் நடுவில் மேலிருந்து கீழாக ஒன்று. வாயைக் கொஞ்சம் சின்னதாகவே வரையுங்கள். பிறகு வெட்டிப் பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது. கோடுகளின் மேலேயே வெட்டி எடுத்தால் லாட வடிவில் ஒரு துண்டு வரும். விரல்முனைப் பக்கம் அது தட்டையாகப் படியாமல் தூக்கும். அங்கே இரண்டு மூன்று வெட்டுக் கொடுத்துத் தாளில் அழுத்துங்கள். வெட்டுகள் விரிந்துகொள்ளும், அந்த இடைவெளியையும் சேர்த்தே வரைய வேண்டும். அடி விளிம்பிலும் குதிகால் ஓரங்களிலும் 3 மி.மீ. கூட்டுங்கள், வாய்ப்பக்கம் கூட்ட வேண்டாம். குதிகால் தையலுக்குப் போக மிஞ்சும் அடி விளிம்பு, முன்பு அளந்த சுற்றளவைவிடச் சற்றே நீளமாக இருந்தால் சரி.

ஒரு ஷூவுக்கு மேல்பாகம் ஒன்று, அடிப்பாகம் இரண்டு ஃபெல்ட்டில் வெட்டுங்கள். அட்டையை அடிப்பாகத்தைவிடச் சுற்றிலும் 3 மி.மீ. குறைத்து வெட்டி, இரண்டு ஃபெல்ட்டுக்கும் நடுவில் வையுங்கள்.

இனி தையல். ஆறு இழை நூலில் இரண்டு இழை மட்டும் எடுங்கள். மேல்பாகத்தின் குதிகால் ஓரங்களைச் சேர்த்து, உட்பக்கத்தில் பின் தையல் (ஒவ்வொரு குத்துக்கும் ஊசியைச் சற்றுப் பின்னால் கொண்டுபோய்க் குத்தும் தையல்) போட்டு மூடுங்கள். விரல்முனையில் விளிம்பிலிருந்து 2 மி.மீ. உள்ளே ஓட்டுத் தையல் (ஊசியை மேலும் கீழுமாக விட்டு நேராகப் போகும் தையல்) ஓட்டி, நூலை மெதுவாக இழுங்கள். துணி தானாகக் குவிந்து விரல்முனைக்கு உருண்டை வடிவம் வரும். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், ஷூவின் முகமே இதுதான். சுருக்கங்களை நகத்தால் சமமாகப் பரப்பிவிட்டு நூலை முடிச்சுப் போடுங்கள்.

அப்புறம் மேல்பாகத்தை அடிப்பாகத்தின் மேல் வைத்து, குதிகால் நடு, விரல்முனை நடு, இரண்டு பக்கம் என்ற வரிசையில் குண்டூசி குத்துங்கள். குதிகாலில் ஆரம்பித்து 3 மி.மீ. இடைவெளியில் பிளாங்கெட் தையல் (ஒவ்வொரு குத்திலும் ஊசியை நூல் வளையத்துக்குள் விட்டு இழுத்து ஓரத்தைக் கட்டும் தையல்) போட்டுக்கொண்டே சுற்றி வாருங்கள். ஒவ்வொரு குத்திலும் அடியிலுள்ள இரண்டு ஃபெல்ட்டும் ஊசியில் மாட்ட வேண்டும். அட்டை மாட்டக் கூடாது.

காலில் போட்டுப் பாருங்கள். கழன்று விழுந்தால் 8 மி.மீ. அகலத்தில் ஒரு பட்டை வெட்டி, வாயின் குறுக்கே வைத்துத் தையுங்கள். மறுமுனைக்கு டிச் பட்டன் வைத்தால் போட்டுக் கழற்ற வசதி. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்கான பொம்மை என்றால் பட்டனே கூடாது, பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும். இரு முனையையும் அழுத்தமாகத் தைத்துவிடுங்கள்.

அடுத்த காலுக்குப் பேட்டர்னைத் திருப்பிப் போட்டு வரையுங்கள். கால்கள் ரொம்ப வித்தியாசமாக இருந்தால், டேப் ஒட்டுவதிலிருந்து மறுபடி ஆரம்பிப்பதே நல்லது.