5.9 அடி என்பது 5 அடி 9 அங்குலம் அல்ல

சென்டிமீட்டரை அடியாக மாற்றும்போது பெரும்பாலும் நடக்கிற தப்பு ஒன்றுதான். 180 சென்டிமீட்டர் உயரத்தைக் கால்குலேட்டரில் 30.48-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 5.9 வரும், அதை அப்படியே 5 அடி 9 அங்குலம் என்று எழுதிவிடுவார்கள். போச்சு, ஆள் கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர் குள்ளமாகிவிட்டார். அடிக்கு 12 அங்குலம், 10 இல்லை.

அதனால் நேராக அடிக்குப் போகாதீர்கள், முதலில் அங்குலத்துக்குப் போங்கள். 180-ஐ 2.54-ஆல் வகுத்தால் 70.87. அதில் 12 ஐந்து முறை போகும், 60 கழிந்தது, மீதி 10.87. ஆக 5 அடி 10.87 அங்குலம், வாய்ப்பேச்சுக்கு 5 அடி 11. இந்த 2.54 தோராயக் கணக்கு இல்லை. 1959-இல் அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட ஆறு நாடுகள் உடன்பட்டு ஒரு அங்குலம் என்றால் சரியாக 2.54 சென்டிமீட்டர் என்றே வைத்துவிட்டன. இந்த ஒரு எண் மனதில் நின்றால் போதும். 12-ஆல் பெருக்கினால் அடி (30.48), 36-ஆல் பெருக்கினால் கஜம் (91.44).

அடுத்த தலைவலி அளவு நாடா. கால்குலேட்டர் 35.83 அங்குலம் என்று சொல்லும், நாடாவிலோ புள்ளியே கிடையாது, ஒவ்வொரு அங்குலமும் அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாகப் பிரிந்து கிடக்கும் (வீசம் என்றால் 1/16, பழைய வாய்பாட்டுச் சொல், இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது). 910 மில்லிமீட்டர் பலகை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: 25.4-ஆல் வகுத்தால் 35.827. முழு எண் 35-ஐ ஓரமாக வைத்துவிட்டு 0.827-ஐ மட்டும் 16-ஆல் பெருக்குங்கள், 13.2 வரும், 13 என்று வையுங்கள். 35 அங்குலம் தாண்டி 13-ஆவது சின்னக் கோட்டில் பென்சில் குறி. அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் பிசகும், ரம்பத்தின் வாயே அதைவிட அதிகம் தின்னும். ஆனால் நடுவில் எங்கேயும் முழு எண்ணாக்காதீர்கள், கடைசியில் ஒரே ஒரு தடவைதான்.

கையில் எதுவும் இல்லையா? மீட்டரை மூன்றால் பெருக்கி, வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டினால் அடி: 20 மீட்டர், 60, கூட 6, மொத்தம் 66 (சரியாகச் சொன்னால் 65.6). கிலோமீட்டரைப் பாதியாக்கி, அந்தப் பாதியில் கால் பங்கைச் சேர்த்தால் மைல், 100 கிலோமீட்டருக்கு 62.5 வரும், நிஜத்தில் 62.14. பேச்சுக்கு இது தாராளம், மரம் அறுக்க வேண்டாம்.

அப்புறம், பரப்பளவுக்கு இதே எண்ணைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஒரு மீட்டர் 3.28 அடிதான், ஒரு சதுர மீட்டரோ 10.76 சதுர அடி, ஏனென்றால் நீளம் அகலம் இரண்டுமே மாறுகின்றன.