தேய்த்தும் பல் கெடுவது ஏன்?

மியன்மாரின் யாங்கோனில் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் பக்கத்திலேயே ஒரு கூன்யாக் கடை, அதாவது வெற்றிலைக் கடை இருக்கும். வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவி, பாக்கு வைத்து, கேட்டால் புகையிலையும் சேர்த்து மடித்துக் கொடுப்பார்கள். அதை வாயில் ஒதுக்கிக்கொண்டே "வெற்றிலை பல்லுக்கு நல்லதுதானே, தாத்தா கடைசி வரைக்கும் கரும்பு கடிச்சாரு" என்பார்கள் நம் ஆட்கள். தாத்தாவுக்கு வாய்த்த பல் அப்படி, அவ்வளவுதான். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004லேயே சொல்லிவிட்டது. வில்லன் பாக்குதான். வருடக்கணக்கில் மென்றால் கன்னத்தின் உட்புறம் இறுகி, வாய் திறப்பதே குறைந்துவிடும். மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். நுழையாவிட்டாலும், இரண்டு வாரமாகியும் ஒரு புண் ஆறாவிட்டாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

சரி, பிள்ளைகள் விஷயத்துக்கு வருவோம். "விழப்போகிற பல்தானே" என்பதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. ஆறு வயது வாக்கில், பால் கடைவாய்ப்பற்களுக்குப் பின்னால் ஒரு பல் சத்தமில்லாமல் முளைக்கும். அதற்காக எந்தப் பல்லும் விழாததால் யாரும் கவனிப்பதில்லை. ஆயுளுக்கும் இருக்க வேண்டிய பல் அது! என் மகளுக்கு அதில் கறுப்புப் புள்ளி விழுந்தபோது, பால் பல் என்று நினைத்து நானும் ஒரு வருஷம் சும்மா இருந்துவிட்டேன். அப்புறம் வேர்ச் சிகிச்சை வரை போனது. ஏழெட்டு வயது வரை இரவில் பெரியவர்களே பிரஷ்ஷைப் பிடித்துத் தேய்த்துவிடுவது நல்லது.

டின் பால் ஊற்றிய டீயைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதை நிறுத்துங்கள் என்றால் யாரும் கேட்கப்போவதில்லை. ஒரேயடியாகக் குடிக்கவாவது சொல்லுங்கள். சர்க்கரை வாய்க்குள் போகும்போதெல்லாம் கிருமிகள் அமிலம் சுரக்கும். எச்சில் அதைச் சரிக்கட்ட அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு மணி நேரம் உறிஞ்சிக்கொண்டே இருந்தால் பல்லுக்கு ஓய்வு ஏது? இனிப்புப் பால் புட்டியோடு குழந்தையைத் தூங்க வைப்பது இன்னும் மோசம். தூக்கத்தில் எச்சில் ஊறுவது குறைந்துவிடும்.

தேய்க்கும் முறையிலும் கோளாறு உண்டு. ஃப்ளூரைடு பற்பசையால் தேய்த்துவிட்டு, மூன்று முறை தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃப்ளூரைடும் சேர்ந்தே போய்விடும். நுரையைத் துப்பினால் போதும். மூன்று வயதுக்குள் அரிசி மணி அளவு பசை, ஆறு வயது வரை பட்டாணி அளவு. எலுமிச்சை பிழிந்து மோஹிங்கா (மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்) சாப்பிட்ட கையோடு தேய்ப்பதும் கூடாது; புளிப்பில் பல்லின் மேற்பூச்சு இளகியிருக்கும். சாப்பிடும் முன்பே தேய்த்துவிடலாம். உமிக்கரி, உப்பு, செங்கல் பொடி எல்லாம் பல்லை அரைத்துவிடும், வேண்டாம்.

ஈறில் ரத்தம் கசிந்தால் அந்த இடத்தை விட்டுவிட்டுத் தேய்ப்பவர்கள் பலர். அங்கேதான் அழுக்கு சேர்ந்திருக்கிறது, மென்மையான பிரஷ்ஷால் அங்கேயும் தேய்க்க வேண்டும்.

பல் வலிக்குக் கிராம்பு எண்ணெய் வைப்பதில் தப்பில்லை, ஒரு ராத்திரியைத் தாண்ட உதவும். நாலு நாளில் வலி நின்றதும் குணமாகிவிட்டதாக நினைப்பதுதான் ஆபத்து. பல்லின் நரம்பு செத்துப்போனாலும் வலி நிற்கும். உள்ளே சீழ் கட்டிக்கொண்டிருக்கும். கன்னம் வீங்கிக் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.