கத்தரிக்காய்ப் புழுவுக்கு வேப்பங்கொட்டை

சந்தையில் பளபளவென்று பெரிதாக இருக்கும் கத்தரிக்காயைப் பார்த்து, "இது மரபணு மாற்றியதா?" என்று பலர் பயப்படுகிறார்கள். அது பெரும்பாலும் ஒட்டுரகம், அதாவது இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கிய வீரிய ரகம்தான். புழுவைக் கொல்லும் பாக்டீரியா மரபணுவைப் புகுத்திய பிடி (Bt) கத்தரிக்கு 2010 பிப்ரவரியில் மத்திய அரசு போட்ட தடை இன்னும் நீங்கவில்லை. பக்கத்தில் வங்கதேசம் 2013-லேயே அனுமதித்துவிட்டது.

அந்த மரபணுவைப் புகுத்தியதே தண்டையும் காயையும் துளைக்கும் புழுவுக்காகத்தான். நம் வீட்டு நாலு செடிக்கு அது வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். காலையில் செடியைப் பாருங்கள். நுனிக் குருத்து மட்டும் வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது. ஒரு விரல் நீளம் கீழே கிள்ளி, ஓட்டை விழுந்த காய்களோடு சேர்த்து எரித்துவிடுங்கள். செடிக்கடியில் போட்டால் புழு மண்ணில் இறங்கிக் கூடு கட்டிவிடும்.

50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, துணியில் கட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் பால்போல இறங்கும்வரை பிழிந்து வடிகட்டி, துளி காதி சோப்புக் கரைசல் கலந்து வைத்து, அன்றைக்கே வெயில் தாழ்ந்ததும் தெளியுங்கள். பூக்கும் சமயத்தில் பத்து நாளுக்கு ஒருமுறை போதும்.

விதைக்கு இலவம்பாடி முள்ளுக் கத்தரி மாதிரி நாட்டு ரகமாக எடுங்கள். ஒரு நல்ல காயைச் செடியிலேயே மஞ்சளாகப் பழுக்கவிட்டு, தண்ணீரில் பிசைந்து, அடியில் தங்கும் விதையைச் சாம்பல் புரட்டி நிழலில் உலர்த்துங்கள். ஒட்டுரக விதையை எடுத்து வைத்தால் அடுத்த முறை அதே காய் வராது.